செடி வளர்க்காமலும் பூவோடு இருக்கலாம்: செட்டிநாட்டுக் கேள்வி பதில்

பூக்களைப் படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோர் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம். அதனால் நம் ஊர் வெயிலையும் நம் ஊர்ச் செடிகளையும் வைத்தே சொல்கிறேன். பலரிடம் போன்தான் இருக்கிறது. அது போதும்.

காரைக்குடி வாசகி: ஆச்சி, மாடியில் வைத்த செடியெல்லாம் பங்குனி வெயிலில் கருகிப்போச்சு. எனக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். பூ என்றால் உயிர். படம் மட்டும் எடுத்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக எடுக்கலாம் அம்மா. கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிமெண்டுத் தளத்து மாடியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நம் சீமை மழையை நம்பிய சீமை. அதனால்தான் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டினார்கள், கூரைத் தண்ணீரை வளவில், அதாவது வீட்டின் நடுவே இருக்கும் திறந்த முற்றத்தில், இறக்கிச் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட மண்ணில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆவாரையும் எருக்கும் தும்பையும் நெருஞ்சியும் பூவரசும் பூத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் போய்ப் பாருங்கள்.

முதலில் எருக்கு. தெருமுனையிலேயே இருக்கும், தினம் கடந்து போகிறோம், நின்று பார்ப்பதில்லை. பூவின் நடுவில் ஐந்து மடிப்புகள் மெழுகில் வார்த்ததுபோல எழுந்து நிற்கும். வெளிர் ஊதாவும் வெள்ளையும் கலந்த அந்த நிறத்தைக் காலை வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எருக்கம்பால் மட்டும் கண்ணில் படக்கூடாது. கிளையை ஒடிக்காமல் எடுங்கள்.

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: செம்பருத்தியை எடுத்தால் இதழ் ஒரே சிவப்புத் தீற்றலாக வருகிறது. நரம்பு, மடிப்பு எதுவுமே தெரிவதில்லை. போன் கோளாறா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகத்தான் வெளிச்சத்தை வாங்குகிறது. செம்பருத்தியில் சிவப்பு மட்டும் சீக்கிரம் நிரம்பி வழிந்துவிடும். அதற்கு மேல் இதழில் ஏற்ற இறக்கம் இருந்தாலும் பதிவாகாது. மொத்தக் காட்சியின் வெளிச்சம் சரியாக இருப்பதாகவே கேமரா நினைத்துக்கொள்ளும்.

திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். பல போன்களில் போகஸும் வெளிச்சமும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். அப்புறம் பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகத் தெரியும் வரை இழுக்கலாம். இருட்டாக எடுத்த சிவப்பைப் பிறகு ஏற்றிக்கொள்ள முடியும். வழிந்துபோன சிவப்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. ஆவாரம்பூ, கொன்றை மாதிரி மஞ்சளுக்கும் இதே வைத்தியம். மஞ்சளில் சிவப்பும் பச்சையும் சேர்ந்து நிரம்பும்.

பள்ளத்தூர் வாசகர்: வெள்ளைப் பூவுக்கும் இதேதானா? நந்தியாவட்டை எப்போதும் வெளிறிப் போகிறது.

செய்ய வேண்டியது இதேதான், காரணம் வேறு. கரும்பச்சை இலைக்கு நடுவே ஒரு சின்ன வெள்ளைப் பூ இருந்தால், கேமரா காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். இலைக்காக ஏற்றிய வெளிச்சத்தில் பூ வெளுத்துப் போகும். பூவின் மேல் தொட்டு, சூரியக் குறியை இறக்குங்கள்.

கானாடுகாத்தான் வாசகி: வாங்கிவந்த பூவை வீட்டுக்குள் வைத்து எடுக்க எந்த இடம் நல்லது? எங்கள் வீடு பழைய வீடு, வளவு இருக்கிறது.

வளவு இருக்கும் வீடா! ஸ்டுடியோக்காரர்கள் விளக்கும் துணியும் கட்டி உண்டாக்குகிற வெளிச்சம் உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிறது. மேலே திறந்த வானம், சுற்றிலும் முட்டைச் சுண்ணாம்பு பூசி மெருகேற்றிய வெள்ளைச் சுவர். உச்சிவேளையில்தான் வெயில் நேராக விழும். காலையிலும் மூன்றரை மணிக்கு மேலும் வெயில் சுவரில் பட்டுத் திரும்பி நான்கு பக்கமும் மெத்தென்று பரவும்.

பூவை வளவுத் தாழ்வாரத்தின் விளிம்பில் வையுங்கள். பின்னால் இரண்டாங்கட்டுக்கு, அதாவது வீட்டின் அடுத்த பகுதிக்கு, போகும் கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே விளக்கு வேண்டாம். அந்த இருட்டு பின்னணியில் கறுப்பாக விழும், பூ மட்டும் ஒளியில் நிற்கும். கறுப்புத் துணி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பர்மாத் தேக்குத் தூணும் நல்ல பின்னணிதான். குறிப்பாகக் கனகாம்பரத்துக்கு.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆத்தங்குடிக் கல் மேல் பூவை வைத்து எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும். அந்தக் கற்களைக் கண்ணாடி மேல் வார்த்துச் செய்வதால் மேற்பரப்பு பளபளக்கும், வானம் அதில் தெரியும். கோல வேலைப்பாட்டுக்கு நடுவே பூ காணாமலும் போய்விடும். ஒரே நிறக் கல் போட்ட ஓரத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கவாட்டிலிருந்து எடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: வருஷத்துக்கு ஒருமுறை, கோயில் விசேஷத்துக்குத்தான் ஊருக்கு வருகிறேன். ரொம்பக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் வாங்கிக்கொண்டு வரலாமா?

இந்த வருஷம் வேண்டாம் அண்ணே. பல போன்களின் முதன்மைக் கேமரா ரொம்பக் கிட்டப் போனால் போகஸ் ஆகாது. ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள், பூவின் வடிவமும் கோணாமல் வரும். மேக்ரோ என்று போனில் இருப்பது பெரும்பாலும் அகலக் கோண லென்ஸ்தான். அதில் எடுக்கும்போது உங்கள் கை நிழலே பூவின் மேல் விழும். போர்ட்ரெய்ட் மோடும் பூவுக்கு உதவாது. மகரந்தக் கேசரங்களைப் பின்னணி என்று நினைத்து மழுப்பிவிடும்.

அப்படியும் ஆசை விடவில்லை, கையில் நல்ல கேமரா இருக்கிறது என்றால் 90 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ வாங்குங்கள். அவ்வளவு கிட்டத்தில் தெளிவு விழும் ஆழம் மிகக் குறைவு. லென்ஸின் துளையை எஃப் 8, எஃப் 11 வரை சுருக்கவேண்டி வரும். அப்போது வெளிச்சம் குறையும், ஷட்டர் வேகம் குறையும் (வெளிச்சம் வாங்க ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும்), காற்றில் ஆடும் பூ மங்கும். ஏசி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே வெளியே வந்தால் லென்ஸில் ஈரம் பூக்கும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் திண்ணையில் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

கோட்டையூர் வாசகி, வயது 71: முட்டி வலி. செடிக்குத் தண்ணீர் தூக்கின காலம் முடிந்துபோச்சு. வெளியே நடக்கவும் முடியாது. வாசலில் ஒரே ஒரு செம்பருத்தி இருக்கிறது, அதுவும் மருமகள் வைத்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

ஆச்சி, எனக்கு வந்த கேள்விகளிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். அந்த ஒரு செடி போதும்.

செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுசு. நாளைக்கு எது விரியும் என்று முந்தின சாயங்காலமே மொட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். முறுக்கிய இதழ்நுனி பச்சைக் கிண்ணத்துக்கு வெளியே நீண்டிருக்கும். விடிந்ததும் திண்ணையில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முறுக்கு தளர்வதிலிருந்து தொடங்குங்கள். முழுதாக விரிந்ததும் நடுத்தண்டைக் கவனியுங்கள். சுற்றிலும் மஞ்சள் மகரந்தப் பொட்டுகள், அதையும் தாண்டி நுனியில் சிவந்த ஐந்து குட்டிப் பொட்டுகள். அந்த ஐந்தும் பூவின் பெண் பாகம். தேன்சிட்டு வந்தால் அதன் பாட்டுக்கு விடுங்கள், நீங்கள் அசையாமல் இருந்தால் மறுபடியும் வரும். மத்தியான வெயிலில் இதழ் கொஞ்சம் தொய்யும். சாயங்காலம் மறுபடி சுருளத் தொடங்கும். மறுநாள் சுருண்டு கிடப்பதையும் எடுங்கள், அந்தக் கருஞ்சிவப்பு விரிந்த பூவில் இருக்காது.

இப்படி ஒரே பூவை, ஒரே நாற்காலியிலிருந்து, மணிக்கொன்றாக எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். செடியை வைத்த மருமகளுக்கும் காட்டுங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டு அடுப்படிக்கு ஓடுகிறவருக்கு அந்தப் பூவின் மத்தியானம் தெரிந்திருக்காது.

பக்கத்தில் பூவரசு இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் வெளிர் மஞ்சள், பொழுது போகப் போகச் சிவந்துகொண்டே வரும்.

புதுவயல் வாசகர்: பூவின் மேல் தண்ணீர் தெளித்து எடுத்தால் அழகாக இருக்குமே?

எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. மார்கழிக் காலையில் தும்பையின் மேல் நிற்கும் பனித்துளி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவாக, தன் இஷ்டத்துக்கு நிற்கும். தெளித்த துளி எல்லா இதழிலும் ஒரே மாதிரி இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். துளி நிற்பதற்காகக் கிளிசரின் கலப்பவர்களும் உண்டு. செடியில் இருக்கும் பூவுக்கு அதைச் செய்யாதீர்கள்.

காரைக்குடி, பறவை பார்க்கப் போகிறவர்: ஆவாரம்பூவில் வண்டு உட்காரும்போது எடுக்க முடியவில்லை. அதற்குள் பறந்துவிடுகிறது.

ஆவாரம்பூவில் தேன் கிடையாது, வண்டு வருவது மகரந்தத்துக்கு. அந்த மகரந்தமும் கேசரத்தின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். பெரிய கருவண்டு கேசரத்தைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். காதைக் கொடுத்துக் கேளுங்கள், பறக்கும்போது ஒரு ரீங்காரம், பூவில் தொங்கி அதிரும்போது வேறொரு ரீங்காரம். இரண்டாவது சத்தம் கேட்கும் அந்தச் சில நொடிதான் உங்களுக்கு நேரம்.

வண்டைத் துரத்த வேண்டாம். நன்றாக விரிந்த ஒரு கொத்தின் மேல் முன்கூட்டியே போகஸ் பூட்டி வைத்துக் காத்திருங்கள். ஷட்டர் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். வண்டு வந்ததும் தொடர்ச்சியாக எடுங்கள்.

கண்டனூர் வாசகி: ஊருணித் தாமரை தூரத்தில் இருக்கிறது. தண்ணீரில் வெளிச்சம் கூசுகிறது.

தாமரை விடிந்ததும் விரிந்து உச்சிக்குள் மூடத் தொடங்கும், அதனால் எட்டு மணிக்குள் போய்விடுங்கள். கீழ்ப்படிவரை இறங்கி உட்கார்ந்து எடுத்தால் பூ நீர்மட்டத்தில் எழுந்து நிற்கும். குடிதண்ணீர் ஊருணி என்றால் செருப்பை மேலேயே விட்டுவிடுங்கள். கூசுவதற்குப் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி ஒன்றை லென்ஸுக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் இலையின் வெள்ளை மினுப்பு அடங்கிப் பச்சை வெளிவரும். வெள்ளை அல்லியும் செவ்வல்லியும் வேண்டுமென்றால் இன்னும் முன்னதாகப் போங்கள், அவை இரவில் விரிபவை.

பிள்ளையார்பட்டி போய்வந்த ஒருவர்: கோயில் மாலைகளை எடுக்கலாமா?

சன்னதிக்குள் வேண்டாம். வெளியே பூக்கடையில் முதலில் ஒரு முழம் பூ வாங்குங்கள், அப்புறம் கேட்டுவிட்டு எடுங்கள். வாழைநாரில் மல்லிகை மொட்டை ஏற்றும் விரல்களை எடுக்க ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவாகப் போகவேண்டாம்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: பிள்ளைகளிடம் போன் கொடுக்க விருப்பமில்லை. கேமரா இல்லாமல் ஏதாவது வழி உண்டா?

அருமையான வழி ஒன்று இருக்கிறது டீச்சர், நம் ஊர் வெயில் அதற்கென்றே அடிக்கிறது. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த நீல அச்சு. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியல் ஆர்வலர் கடற்பாசிகளைத் தாளில் வைத்து இந்த முறையில் பதிக்கத் தொடங்கினார். கேமராவே கிடையாது.

பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, வெயில் படாத அறையில் சம அளவு கலந்து தாளில் பூசி உலர்த்துங்கள். கலப்பதும் பூசுவதும் நீங்கள், கையுறையோடு. அமிலம் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. காய்ந்த தாளில் தும்பையோ வேப்பங்கொத்தோ முருங்கைப்பூவோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் தண்ணீரில் அலசினால் நீலத்தில் வெள்ளையாகப் பூ நிற்கும். தட்டையாக அழுந்தும் பூவாகப் பாருங்கள், எருக்கெல்லாம் வராது.

புதுக்கோட்டை வாசகர்: மழைக்காலத்தில் வேலியில் செங்காந்தள் பார்த்தேன். பறித்து வந்து நிதானமாக எடுக்கலாமா?

அங்கேயே எடுங்கள். செங்காந்தள் நம் மாநில மலர். பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த நிலைகள் மேலிருந்து கீழே வரிசையாக இருக்கும், பறித்தால் அந்த வரிசை போய்விடும். அதில் கால்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, கிழங்கில் அதிகம். குழந்தைகளோடு போனால் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கையைக் கழுவுங்கள்.

காரைக்குடி வாசகர்: படம் எடுத்த செடியின் பெயரைக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பூவின் முகத்தை மட்டும் காட்டியிருப்பீர்கள். பூவின் பின்பக்கம், இலை, தண்டில் இலை சேரும் இடம், முழுச் செடி எல்லாவற்றையும் எடுத்துக் கேளுங்கள். ஊரில் ஆடு மேய்ப்பவர்களிடமும் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத செடி குறைவு.

கானாடுகாத்தான், பள்ளி மாணவி: ஆச்சி, லீவு விட்டாச்சு. சித்திரையில் என்ன எடுக்கலாம்?

சரக்கொன்றை, கண்ணே. மரத்தடியில் நின்று, சூரியன் சரத்துக்குப் பின்னால் வரும்படி மேல்நோக்கி எடு, இதழ் ஒளியை உள்ளே வாங்கும். காற்று எழும்புவதற்குள், ஏழு மணிக்கு முன்னால் போ. போனை வெயிலில் பிடித்துக்கொண்டே நிற்காதே, சூடேறித் திரை மங்கும். எடுத்த படத்துக்கு ஊர், மாதம், மரம் நின்ற இடம் மூன்றையும் எழுதி வை. அடுத்த சித்திரையிலும் அதே மரத்துக்குப் போகவேண்டும்.