அண்ணனிடம் போவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன். ஞானஸ்நானம் எடுத்தேன். சபையில் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் அப்பா தவறிப்போனார். ஏதோ வாரிசுக் காரியம் என்று சொல்லி அண்ணன் என்னைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கினான். அது என் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்று பிறகுதான் தெரிந்தது. வீடும் பனைவிளையும் அவன் பேருக்குப் போய்விட்டன. அதிலிருந்து பேச்சு இல்லை. அம்மா அவனோடு இருக்கிறாள். வருகிற தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கோ அவன் பெயரைக் கேட்டாலே நெஞ்சு எரிகிறது. ஜெபக்குழுவில், "சமாதானம் பண்ணுகிறவளாய் இரு, விட்டுவிடு" என்கிறார்கள். என்னால் விட முடியவில்லை. அப்படியானால் நான் உண்மையாகவே மறுபடியும் பிறந்தவள்தானா? சமாதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் முதல் கேள்விதான் என்னை அதிகம் வருத்தியது. நிலம் போன துயரத்தோடு, தேவன் தந்ததும் போய்விட்டதோ என்ற பயத்தையும் சேர்த்துச் சுமக்கிறீர்கள். அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

ஜேக்கப் டிஷேசர் என்றொரு அமெரிக்கப் படைவீரர் இருந்தார். 1942 ஏப்ரல் 18 அன்று ஜப்பான்மீது குண்டு வீசப் புறப்பட்ட 16 விமானங்களில் கடைசி விமானத்தில், குண்டு வீசும் பொறுப்பு அவருடையது. நகோயா நகரத்தின்மீது வீசினார். எரிபொருள் தீர்ந்து சீனாவில் குதித்தவரை ஜப்பானியர் பிடித்துக்கொண்டார்கள். 40 மாதம் சிறை, அதில் பெரும்பகுதி தனிக்கொட்டடி. உடன் பிடிபட்டவர்களில் மூவரைச் சுட்டுக்கொன்றார்கள். இன்னொருவர் சிறையிலேயே சத்துக்குறைவால் செத்துப்போனார். டிஷேசர் மனத்தில் மிஞ்சியிருந்தது வெறுப்பு மட்டும்தான். 1944இல் மூன்று வாரத்துக்கு அவர் கையில் ஒரு வேதாகமம் கிடைத்தது. கொட்டடியின் மங்கலான வெளிச்சத்தில் திரும்பத் திரும்ப வாசித்தார். அந்த ஜூன் மாதம் தன்னைக் கிறிஸ்துவுக்கு ஒப்புக்கொடுத்தார்.

பலர் இந்தச் சாட்சியை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். உங்களுக்கு வேண்டியது இதற்குப் பிறகு வருவது. ஒரு நாள் காவலாளி ஒருவன் அவரைக் கொட்டடிக்குள் தள்ளி, அவருடைய வெறுங்காலின்மீது கதவை அறைந்து சாத்தினான். மறுபடியும் பிறந்த மனிதர்தான். ஆனாலும் கோபம் பொங்கிற்று. சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன வசனம் அப்போது அவருக்கு நினைவு வந்தது. மறுநாள் காலை அதே காவலாளிக்கு ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னார். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அதற்கடுத்த நாளும் சொன்னார். சில நாள் கழித்து அவன் அருகில் வந்து பேசினான். பிறகு ஒருமுறை வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றைக் கொடுத்தான்.

ஆகவே உங்கள் நெஞ்சு எரிவதை வைத்து உங்கள் மறுபிறப்பைச் சந்தேகிக்காதீர்கள். இரவில் இயேசுவைத் தேடி வந்த யூதத் தலைவர் நிக்கொதேமுவைப் பாருங்கள். "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால்" என்ற வார்த்தையை இயேசுவின் வாயிலிருந்து நேராகக் கேட்டவர் அவர். அவர் எந்த நாளில் மறுபடியும் பிறந்தார் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதவே இல்லை. ஆலோசனைச் சங்கத்தில், ஒரு மனிதனை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாமா என்று நிக்கொதேமு எழுந்து கேட்டதை எழுதியிருக்கிறார். சீஷர்கள் சிதறிப்போன வேளையில் நூறு இராத்தல் சுகந்தவர்க்கத்தோடு இயேசுவின் அடக்கத்துக்கு வந்து நின்றதை எழுதியிருக்கிறார். இரட்சிக்கப்பட்ட தேதியை நாம் இவ்வளவு கொண்டாடுகிறோமே, இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இல்லை. வாயை மூடிக்கொள்வதைச் சமாதானம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. சமாதானம் இல்லாத இடத்தில் "சமாதானம் சமாதானம்" என்று சொல்லிக் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கியவர்களை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்திருக்கிறார். பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் அறைந்தபோது இயேசு திருப்பி அடிக்கவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். செய்தவனின் முகத்தைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி அது. ஜெபக்குழுவில் உங்களிடம் "விட்டுவிடு" என்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் அண்ணன் செய்த தவறை உங்கள் தலையில் ஏற்றுகிறது.

ஒன்றைக் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தப் பத்திரத்தைப் பற்றி ஜெபக்குழு அறிந்திருக்கிறது, உறவுக்காரர்கள் அறிந்திருக்கிறார்கள், இப்போது எனக்கும் எழுதியிருக்கிறீர்கள். அண்ணனிடம் நேரில் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சகோதரன் குற்றம் செய்தால் அவனும் நீயும் தனித்திருக்கையில் போய் உணர்த்து என்று மத்தேயு 18இல் இருக்கிறது. சபையில் சொல்வது அதற்கு வெகுநேரம் கழித்து வருகிற படி. நம் சபைகளில் இந்த வரிசை தலைகீழாகக் கிடக்கிறது. நான் பார்த்தவரை குடும்பங்கள் உடைவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் தேவனுடைய புத்திரர் என்னப்படுவார்கள் என்ற வசனத்தில் மறுபிறப்பும் சமாதானமும் சேர்ந்தே நிற்கின்றன. பிள்ளையிடம் தகப்பனுடைய சாயல் தெரியும். நாம் சத்துருக்களாய் இருந்தபோதே தேவன் நம்மைத் தேடி வந்தார். தவறிழைக்கப்பட்டவர் முதலில் எழுந்து போவதுதான் அந்தச் சாயல். டிஷேசர் 1948 டிசம்பரில் மிஷனரியாக ஜப்பானுக்கே திரும்பினார். பின்னாளில், தான் குண்டு வீசிய அதே நகோயாவில் போய் ஊழியம் செய்தார். அவருடைய சாட்சித் துண்டுப்பிரதி ஒன்று டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் கையில் கிடைத்தது. அவர் மிட்சுவோ ஃபுச்சிடா, 1941இல் பேர்ல் துறைமுகத் தாக்குதலை முன்னின்று நடத்திய விமானி. அதைப் படித்து வேதாகமம் வாங்கினார். சிலுவையில் இயேசு செய்த "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்ற ஜெபத்தில் அவர் மனம் உடைந்தது. 1950இல் இருவரும் சந்தித்தார்கள். ஒருவர் நாட்டின்மீது மற்றவர் குண்டு வீசியவர்கள், பிறகு ஒரே மேடையில் நின்று கிறிஸ்துவைப் பிரசங்கித்தார்கள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். பத்திரத்தையும் கல்யாணத்தையும் ஒரே முடிச்சாகப் போடாதீர்கள். "சொத்தைத் தந்தால் தாய்மாமன் பெயர் அழைப்பிதழில் வரும்" என்ற பேச்சு யார் வழியாகவும் அண்ணன் காதுக்குப் போகக் கூடாது. கார்டு அச்சுக்குப் போகுமுன் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நேரில் போங்கள். மகளின் கல்யாணத்துக்கு அழையுங்கள். அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அன்று சொத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

வேறொரு நாள் அண்ணனைத் தனியாகப் பார்த்துப் பத்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். கையெழுத்து வாங்கியபோது என்ன சொன்னார், உண்மையில் அது என்ன பத்திரம், அதனால் உங்களுக்கு எப்படி வலித்தது, இந்த மூன்றையும் பழைய கதைகளைச் சேர்க்காமல் சொல்லுங்கள். அவருக்கும் உங்கள்மேல் ஏதாவது குறை இருக்கலாம், அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க மறுத்தால் இருவரும் மதிக்கிற ஒன்றிரண்டு பெரியவர்களைக் கூட்டிப்போங்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை எதிர்த்து வழக்குப் போடக் காலக்கெடு உண்டு என்பதால், இந்த மாதமே ஒரு வக்கீலைப் பாருங்கள். உரிமையைக் கேட்பதால் நீங்கள் சமாதானத்தைக் கெடுத்தவர் ஆகமாட்டீர்கள். கேட்டபிறகு மனதார விட்டுக்கொடுக்க உங்களுக்குத் தோன்றினால் அது உங்கள் ஈவு. பிறர் நெருக்கி வாங்குவது ஈவு ஆகாது.

அண்ணன் கதவையே திறக்காமலும் போகலாம். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்றுதான் பவுல் எழுதினார். அப்போதும் அழைப்பிதழில் தாய்மாமன் இடத்தில் அண்ணன் பெயரைப் போடுங்கள். கல்யாணத்தன்று முன்வரிசையில் அவருக்கும் மதினிக்கும் இரண்டு நாற்காலி ஒதுக்கச் சொல்லிவிடுங்கள்.