மாரடைப்புக்குக் காரணம் பழைய அதிர்ச்சியா, பீடியா?

பெரிய அதிர்ச்சியிலிருந்து மீண்டவருக்குப் பல வருடம் கழித்து மாரடைப்பு வந்தால், அதற்கு மனம் காரணமா, பழக்கங்களா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சித்தப்பாவைக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வயசாயிடுச்சு" என்பார்.

அவருக்கு ஊர் நாகப்பட்டினம் கீச்சாங்குப்பம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிழைத்தார், சித்தியும் பிழைத்தார். நான்கு வயதுத் தங்கை பிழைக்கவில்லை.

அதற்கு முன் அவர் பீடியே தொட்டதில்லை என்று சொன்னால் பொய். நாளுக்கு நாலைந்து பிடிப்பார். அப்புறம் அது இரண்டு கட்டு ஆனது. ராத்திரி காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், எழுந்து வாசல்படிக்கு வந்துவிடுவார். விடியும்வரை பீடியும் கடுங்காப்பியும்தான் துணை. கடலுக்குப் போவதையும் விட்டதால் உடம்புக்கு வேலையே இல்லாமல் போனது. 2013இல் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் கேட்டது பீடிக் கணக்கை மட்டும்தான். தூங்குகிறாரா என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சுமார் 50 ஆயிரம் நர்ஸ்களை 20 வருடம் கவனித்த ஆய்வு 2015இல் வந்தது. கெட்ட கனவு போன்ற அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்தது நான்கு இருந்தவர்களுக்கு, அதிர்ச்சியே காணாதவர்களைவிட இதய, ரத்தநாள நோய் ஆபத்து 60 சதவீதம் அதிகம். புகை, எடை, உடற்பயிற்சி இல்லாதது, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அந்தக் கூடுதலில் கிட்டத்தட்ட பாதிக்குத்தான் கணக்கு வந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த இரட்டையரைப் பற்றிய 2013 ஆய்வு இன்னும் அழுத்தமானது. ஒரே வீட்டில் வளர்ந்த இரட்டையரிலும், அதிர்ச்சி நோய் (அதிர்ச்சிக்குப் பிறகும் விடாமல் தொடரும் மனநோய், PTSD) உள்ளவருக்கே இதயநோய் கூடுதலாக வந்திருந்தது.

மீதிப் பாதி எங்கிருந்து வருகிறது? ஆபத்து வந்தால் அட்ரினலின் சுரக்கும், துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், ரத்தம் சீக்கிரம் உறையும். ஆபத்து போனதும் இறங்க வேண்டும். சித்தப்பாவுக்குக் காற்றடிக்கும் ஒவ்வொரு ராத்திரியும் அலை வருகிறது. என்னைக் கேட்டால் அந்தப் பீடியையும் முழுக்கப் பழக்கக் கணக்கில் எழுத மாட்டேன். "விடுங்க சித்தப்பா" என்று வருடக்கணக்கில் திட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், இதய டாக்டரிடம் தூக்கத்தையும் கெட்ட கனவையும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் இலவச எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். சித்தப்பா முதல் தடவை கடன்காரன் போன் மாதிரி வைத்துவிட்டார். இரண்டாம் தடவை சித்தி பேசினார், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.