நங்கூரம் ஏன் மேலே போகிறது?

பாம்பன் பக்கம் எங்கள் பங்கில் இந்தத் தவக்காலத்தில் விவிலியத்தின் புதிய ஏற்பாட்டில் உள்ள எபிரேயர் திருமுகத்தை வாசித்து முடித்தோம். சந்தேகம் இருந்தால் சீட்டில் எழுதிப் போடுங்கள் என்றேன். கடைசி வெள்ளிக்கிழமை பார்த்தால் காணிக்கைத் தட்டில் காசைவிடச் சீட்டுதான் அதிகம். உபதேசியார் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உபதேசியார் ஐயா, நம்பிக்கை நங்கூரம்போலத் திரைக்கு உள்ளே போகிறது என்று வாசித்தீர்களே, நங்கூரம் எப்படிக் கோவிலுக்குள் போகும்? (நாட்டுப்படகுக்காரர், தங்கச்சிமடம்)

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. அது 6-ஆம் அதிகாரம், 19-ஆம் வசனம். நங்கூரத்தைப் போட்டதும் அது தண்ணீருக்குள் மறைந்துவிடும், கயிறு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தொளதொளவென்று கிடந்த கயிறு சட்டென்று விறைக்கும்போது, தரை பிடித்துவிட்டது என்று கைக்குத் தெரிந்துவிடும். இதை எழுதியவர் அந்த நங்கூரத்தைத் தலைகீழாக்கிவிட்டார். சேற்றில் இறங்க வேண்டியது மேலே, விண்ணகக் கோவிலின் உள்ளறையில் போய்ப் பிடிக்கிறது. இயேசு நமக்கு முன்னோடியாக அங்கே போயிருக்கிறார் என்கிறது அடுத்த வசனம். படகு இங்கே ஆடிக்கொண்டுதான் இருக்கும். ஆடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

அந்தத் திரையில் அப்படி என்ன இருந்தது? (கல்லூரி மாணவி, மண்டபம்)

கடவுள் இருக்கும் இடமாகக் கருதிய உள்ளறையை மறைத்த திரை அது. விடுதலைப் பயணம் 26-ஆம் அதிகாரத்தைப் பாரம்மா. நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல்களோடு மெல்லிய நார்த்துணி, அதில் கெருபுகள் என்ற இறக்கையுள்ள வானவர்களின் உருவம். ஏதேன் தோட்டத்திலிருந்து மனிதனை வெளியே அனுப்பியபின் வழியைக் காவல்காக்க நின்றவை அதே கெருபுகள்தான். ஆக, அந்தத் திரை அடைத்த தோட்டத்தின் கதவு மாதிரி. எருசலேமில் ஏரோது அரசர் கட்டிய கோவிலின் வாசல் திரையைப் பற்றி எழுதும் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், அதன் கருஞ்சிவப்பு கடலைக் குறிக்கிறது என்கிறார். காரணம், அந்தச் சாயம் கடல் சங்கு வகையிலிருந்து எடுத்தது. கீழக்கரையில் சங்கு குளித்த குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்: கடவுளின் வீட்டு வாசலிலும் சங்கா!

இயேசு இறந்தபோது கோவில் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்கிறார் மாற்கு. கீழிருந்து கிழித்திருந்தால் மனிதன் கை என்று சொல்லலாம். எபிரேயர் 10-ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி போய், அந்தத் திரை கிறிஸ்துவின் உடலே என்கிறது. எனக்கு இந்தத் திருமுகத்தில் மிகவும் கனமான வரி அதுதான்.

தலைமைக் குரு அந்த உள்ளறைக்குள் செத்துவிட்டால் இழுத்து வெளியே எடுக்க இடுப்பில் கயிறு கட்டுவார்களாமே?

விவிலியத்தில் இல்லை. அந்தக் கயிறு பல நூற்றாண்டுகள் கழித்து, இடைக்காலத்தில் வந்த கதை. நானும் மறைக்கல்வி வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மன்னிக்கவும். லேவியர் 16 சொல்வது இவ்வளவுதான்: ஆண்டுக்கு ஒரே நாள், ஏழாம் மாதம் பத்தாம் நாள், தூபப் புகையோடும் பலியின் இரத்தத்தோடும் அவர் உள்ளே போவார்.

பெண்கள் எதுவரை போகலாம்?

ஏரோதின் கோவிலில் பெண்கள் முற்றம்வரை. வேற்றினத்தார் அதற்கும் வெளியே. ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. தாண்டினால் சாவுக்கு அவனவனே பொறுப்பு என்று கிரேக்கத்தில் வெட்டிய கல் 1871-இல் எருசலேமில் கிடைத்தது. கிறிஸ்து தடுப்புச் சுவரை இடித்தார் என்று எபேசியருக்கு எழுதிய திருமுகம் சொல்லும்போது, கேட்டவர்களில் பலருக்கு இந்தச் சுவர் ஞாபகம் வந்திருக்கும்.

புது விண்ணகம் வரும்போது ‘கடலும் இல்லாமற்போயிற்று’ என்று திருவெளிப்பாட்டில் வருகிறதே, அங்கே எங்களுக்கு என்ன வேலை? (மீன் விற்கும் அக்கா, பாம்பன்)

அக்கா, இந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தேன். திருவெளிப்பாட்டில் கடல் என்றால் பெரும்பாலும் பயம். 13-ஆம் அதிகாரத்தில் விலங்கு ஏறிவருவது கடலிலிருந்துதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை. கூரையில்லாமல் நிற்கும் அந்தக் கோவில் சுவர் போதும். இல்லாமற்போவது அந்தக் கடல்.

இனி எசேக்கியேல் 47-ஐ எடுங்கள். கோவில் வாசலுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறி, நீந்தினால்தான் உண்டு என்ற ஆறாகிவிடுகிறது. அது சாக்கடலில் விழுந்ததும் அங்கே மீன் பெருகுகிறது, ஏன்கெதி கரையோரம் வலைகளை விரித்துக் காயப்போடுகிறார்கள். சதுப்பும் சேறும் மட்டும் உப்புக்கென்று விடப்படுகின்றன. வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்களையும் மறக்கவில்லை, பார்த்தீர்களா?

உடன்படிக்கைப் பேழை இப்போது எங்கே இருக்கிறது? (ஆறாம் வகுப்பு)

பத்துக் கட்டளைப் பலகைகளை வைத்து உள்ளறையில் வைத்திருந்த பெட்டிதானே அது? இயேசு காலத்துக் கோவிலிலேயே அது இல்லை கண்ணா. கி.மு. 63-இல் உரோமைத் தளபதி பொம்பேயு அந்த உள்ளறைக்குள் நுழைந்து பார்த்தபோது சாமி சிலைகூட இல்லை. திருவெளிப்பாட்டை எழுதிய யோவான் அந்தப் பேழையைக் காட்சியில் பார்த்தது விண்ணகக் கோவில் திறந்தபோது, திருவெளிப்பாடு 11:19-இல். அடுத்த வாரம் வகுப்பில் நீதான் அதை எழுந்து வாசிக்க வேண்டும், சரியா?