உப்புவெளி ஏப் வண்டி: அடிப்பக்கத்தைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் கொட்டிலுக்குள் கிடக்கும் பழைய பியாஜியோ ஏப் மூன்று சக்கர வண்டி ஒன்றை வாங்கலாமா, இஞ்சின் இறுகிப்போய்ச் சுழலவே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். இஞ்சினுக்குப் பயப்பட வேண்டாம். வெஸ்பா ஸ்கூட்டரிலிருந்து 1948இல் பிறந்த வண்டி, டூ ஸ்ட்ரோக், உள்ளே பாகங்கள் குறைவு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே டீசலும் ஒயிலும் கொஞ்சம் கலந்து ஊற்றுங்கள். சில நாள் ஊறியதும் இஞ்சினோடு சேர்ந்து சுழலும் சக்கரமான பிளைவீலைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். வலிந்து ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் ரிங் உடைந்து சிலிண்டரையும் கீறிவிடும்.

எனக்குக் கவலை கடற்காற்றுதான். திருகோணமலை வண்டிகளில் மேலே பெயின்ட் பளபளக்கும், அடியில் கறள் தகரத்தைத் தின்றிருக்கும். தரைத்தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு மட்டும் போயிருந்தால் வெட்டி ஒட்டலாம். வண்டியைத் தாங்கும் சட்டமே (சேஸி) உளுத்திருந்தால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் வண்டியின் பதிவுப் புத்தகம். அதிலுள்ள சேஸி இலக்கமும் வண்டியில் அடித்திருப்பதும் ஒத்துப்போகும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.