வார்டில் கேக் வெட்டிய பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டின் தலைமைச் செவிலியர். இந்த ஆண்டு மட்டும் என் வார்டில் நான்கு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். ‘பணியிடத்தில் ஒருவருக்கொருவர் ஆதரவாக இருங்கள்’ என்று நிர்வாகம் சுற்றறிக்கை அனுப்பியது. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம். தியான வகுப்பு வைத்தேன். எப்போது வேண்டுமானாலும் என்னிடம் வந்து பேசலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். யாரும் வந்து பேசவில்லை. ராஜினாமாக் கடிதம்தான் வருகிறது. ஆள் கூட்டித் தரும் அதிகாரம் எனக்கு இல்லை. என்னிடம் இருப்பது அன்பு மட்டும்தான். அதுவும் போதவில்லை என்றால் நான் என்ன செய்வது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரி,

அவர்கள் எப்போது வந்து பேசுவார்கள் என்று எதிர்பார்த்தீர்கள்? ஷிப்ட் முடிந்த பிறகும் உட்கார்ந்து குறிப்பேடு எழுதிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறவர், உங்கள் அறைக் கதவைத் தட்டி ‘என்னால் தாங்க முடியவில்லை’ என்று சொல்லவேண்டும். அடுத்த மாத டியூட்டி பட்டியலைப் போடப்போவதும் நீங்கள்தான். நானாக இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1981இல் இந்த ஆதரவை நான்காகப் பிரித்தார்: மனத்துக்குத் தரும் ஆறுதல், கைகொடுக்கும் உதவி, தெரியாததைச் சொல்லித்தருவது, செய்த வேலை எப்படி இருந்தது என்று சொல்வது. நீங்கள் செய்தவை எல்லாம் முதல் வகை. உங்கள் வார்டுக்கு இப்போது அவசரமாக வேண்டியது இரண்டாவது என்று நினைக்கிறேன். ஒருவர் சாப்பிடப் போகும்போது ‘உங்கள் ஆறு நோயாளிகளையும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று இன்னொருவர் பொறுப்பேற்க வேண்டும். யார் பொறுப்பு என்று முடிவாகாத இடைவேளை இடைவேளையே இல்லை. பாதிச் சோற்றில் மணி அடிக்கும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்ப இரண்டாவது ஆள் கூப்பிடாமலே வரவேண்டும். புதிதாக வந்தவர் நரம்பு கிடைக்காமல் மூன்றாம் முறை ஊசியை எடுக்கும்போது அனுபவம் உள்ளவர் பக்கத்தில் போய் நிற்கவேண்டும், பிறகு அதைக் கதையாக்கிச் சிரிக்கக்கூடாது.

நான்காவது வகையும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பொதுவாக ‘நன்றாகச் செய்கிறீர்கள்’ என்றால் யாருக்கும் ஒட்டாது. ‘அவருடைய மூச்சு வேகம் கூடியதை நீ கவனித்துச் சொன்னதால்தான் மருத்துவர் நேரத்துக்கு வந்தார்’ என்றால் அது ஒட்டும். மருத்துவரோ உறவினரோ எல்லோர் முன்னிலையிலும் ஒரு செவிலியரைத் திட்டும்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் மொத்த வார்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

மரணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது எனக்கு உறுத்தியது. இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டனில் ஒரு போதனா மருத்துவமனையின் செவிலியர் பணியை ஆராய்ந்து 1960இல் எழுதினார். அங்கே ஒரு நோயாளியின் பணிவிடைகளைத் துண்டு துண்டாக்கிப் பலருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘பத்தாம் படுக்கைக் கல்லீரல்’ என்பது போலக் குறிப்பிட்டார்கள். யாரோடும் நெருங்காமல் இருந்தால் துயரமும் தொடாது என்று அந்த நிறுவனமே கட்டிக்கொண்ட அரண் அது என்கிறார் மென்சீஸ். அரண் துயரத்தைக் குறைக்கவில்லை, பேசவிடாமல் அடைத்து மட்டும் வைத்தது. அங்கே பயிற்சிக்கு வந்த மாணவியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் முடிக்காமலே போனார்கள். பல நாள் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்து, உடலைத் துடைத்து அனுப்பி, விரிப்பு மாற்றுவதற்குள் அதே படுக்கைக்கு அடுத்தவர் வந்துவிடுகிறார் அல்லவா? அந்தச் செவிலியரின் மற்ற நோயாளிகளைக் கால் மணி நேரம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் மணியில் அவர் அழலாம், தேநீர் குடிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். அருகில் போய் ஆறுதல் சொல்லவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதிகாரம் இல்லை என்கிறீர்கள். பணி அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காரசெக் 1979இல் சொன்னதன் சாரம் இது: வேலை கூடுவதோடு, அதை எப்படிச் செய்வது என்பதில் நம் சொல்லுக்கு இடமில்லாமலும் போனால்தான் அழுத்தம் ஆளைத் தின்னும். ஆதரவு என்ற மூன்றாவது பரிமாணம் பின்னால்தான் சேர்க்கப்பட்டது. நீங்கள் ஆதரவைப் பிடித்துக்கொண்டு, வேலையில் அவர்கள் சொல்லுக்கு இடம் தருவதை விட்டுவிட்டீர்கள். டியூட்டி பட்டியலை ஒட்டுவதற்கு முன் அவர்களிடம் கொடுத்து மாற்றங்களை எழுதச் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரவுப் பணி யாருக்கு விழுகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். சச்சரவு வரும், வரட்டும்.

இனி அந்தச் சுற்றறிக்கை. எனக்கு அதன் மேல் கோபம்தான் வருகிறது. செவிலியர் பணியை ஆராயும் லிண்டா ஏக்கனும் சகாக்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு: ஒரு செவிலியர் பார்க்கவேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடியிருந்தன. ஆள் குறைவை அன்பால் ஈடுகட்டச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை உங்கள் தலையில் ஏற்றுகிறார்கள். உங்கள் கடிதத்தின் கடைசிக் கேள்வியில் இருக்கும் குற்ற உணர்வு உங்களுடையது அல்ல, அது அவர்களுக்குப் போய்ச் சேரவேண்டியது.

அதனால் இன்று முதல் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், எத்தனை பேர் சாப்பிடாமல் வேலை பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள். மற்ற வார்டுகளின் தலைமைச் செவிலியர்களையும் எழுதச் சொல்லுங்கள். அவர்களைச் சந்திப்பது உங்களுக்கும் தேவை. கடிதம் முழுவதும் நீங்கள் யாருக்கு ஆதரவு தருவது என்றே கேட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு யார் என்று கேட்கவில்லை. ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் எல்லோரும் கையெழுத்திட்டு, அந்தச் சுற்றறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்கான பதிலாகவே நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.