கடன் தீராமல் தொழில் தொடங்கலாமா? அதற்கென்று பிறவிக் குணம் வேண்டுமா?

"உணவு, பாதுகாப்பு என்று தொடங்கி உளவியலாளர் மாஸ்லோ சொன்ன தேவைகளின் வரிசையில், தன் திறமையை முழுதாக வெளிக்கொண்டுவருவது கடைசியில்தான் வருகிறது. வீட்டுக் கடனே முடியாத நான் சொந்தத் தொழிலை நினைக்கலாமா? அதற்குரிய குணம் பிறப்பிலேயே இருக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செட்டிநாட்டு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்துகிறவன்.

முதல் பாதிக்கு மாஸ்லோவே பதில் சொல்லிவிட்டார். ஒரு தேவை நூற்றுக்கு நூறு தீர்ந்த பிறகுதான் அடுத்தது எழும் என்று நினைப்பது தவறு என்று 1943ல் எழுதிய கட்டுரையிலேயே சொல்கிறார். கடன் இருக்கும்போதே இந்த ஆசை வருவது இயல்புதான். மாதத் தவணைக்கு மட்டும் ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் எடுக்கிற முடிவு தொழிலைக் கெடுக்கும்.

குணம் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. செட்டிநாட்டில் பிறந்தாலே வியாபார மூளை வந்துவிடும் என்பார்கள். நான் அதை நம்பவில்லை. எங்கள் ஐயா பர்மாவுக்குப் போனது செட்டியார் வட்டிக்கடை ஒன்றின் பெட்டியடிப் பையனாக. எடுபிடி வேலை பார்த்து, பேரேடு எழுதப் பழகி, அப்புறம் மேலாளுக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருப்பார். மூன்று வருடத் தவணைக்கு அனுப்பிய மேலாளின் கையில் கடையும் பணமும் இருக்கும். கடிதம் போய்வரவே நாளாகும், ஆகவே முடிவை அங்கேயே எடுத்தாக வேண்டும். ஒருவர் நம்பிக் கொடுத்த பொறுப்பில்தான் ஐயாவுக்கு அந்தக் குணம் வந்தது. ஒருவரை நிபந்தனையில்லாமல் மதித்து, அவர் நிலையில் நின்று கேட்டால் அவர் தானாக வளர்வார் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்னதை, ஐயா கதையோடு சேர்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த மதிப்பு எதுவரை போனது என்பதையும் பார்க்க வேண்டும். 1930களில் நெல் விலை சரிந்தபோது பர்மிய உழவர்களால் செட்டியார்களிடம் நிலத்தை ஈடு வைத்து வாங்கிய கடனைக் கட்ட முடியவில்லை; நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937ல் அது 25 சதவீதம். சட்டப்படி அதில் குற்றமில்லை. ஆனாலும் சிக்கனம், நாணயம், உழைப்பு எல்லாம் இருந்த நம் ஆட்களின் கரிசனம் கடன் வாங்கியவர் வீட்டு வாசல் வரை போகவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. குணம் என்று பேசினால் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மாஸ்லோ 1962 கோடையில் கலிபோர்னியாவில் ஒரு மின்னணுக் கருவித் தொழிற்சாலையில் தங்கிக் குறிப்புகள் எழுதினார். வேலை செய்யும் இடம் நன்றாக அமைந்தால் மனிதர்களே மேம்படுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. எங்கள் பட்டறையில் அதைக் கண்ணால் பார்க்கிறேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணம் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு தம்பி, "அண்ணே, இந்தப் பூக்கொடியை அச்சில்லாம கையாலயே போட்டுப் பார்க்கவா?" என்றான். சரி என்றேன். வீணான கல்லுக்கு அவன் கூலியில் கைவைக்கவில்லை. இன்று வாடிக்கையாளரிடம் அவனே பேசி, விலையும் அவனே சொல்கிறான். நாளை அவன் தனியாகப் பட்டறை போட்டால் முதல் ஆர்டரை நான் அனுப்புவேன்.

ஆகவே இருக்கிற வேலையை விடுவதற்கு முன், நீங்கள் நினைக்கும் தொழிலிலேயே இருக்கும் ஒருவரிடம் சனி ஞாயிறாவது போய்ச் சேருங்கள். கணக்கை மறைக்காதவராக, ஒரு வேலையைக் கொடுத்தால் நம்பி விடுகிறவராகப் பாருங்கள். பணம் குறைவாகத் தந்தாலும் பரவாயில்லை. டைல்ஸ் தொழில்தான் என்றால் எங்கள் பட்டறைக்கே வரலாம்; காலையில் கலவை போடும் நேரத்துக்கு வந்துவிடுங்கள்.