சர் ஹென்றி பேக்கர்: பாமாலைகளை ஒன்று சேர்த்த குருவானவர்

கேள்வி: ஐயா, ஹென்றி வில்லியம்ஸ் பேக்கர் கிறிஸ்தவ ஆராதனைப் பாட்டு எழுதியவரா, தொகுத்தவரா?

இரண்டும்தான். ஆனால் பெயர் நிலைத்தது 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' என்ற ஆங்கிலப் பாமாலைத் தொகுப்பால். 1821இல் லண்டனில் பிறந்தார். அப்பா கடற்படை அட்மிரல். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியில் படித்தார். 1851 முதல் சாகும்வரை இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் மாங்க்லாண்ட் என்ற சிற்றூரில்தான் குருவானவராக இருந்தார்.

கேள்வி: 'சர்' பட்டம் பாட்டுக்காகக் கிடைத்ததா?

இல்லை, பரம்பரைப் பட்டம். 1859இல் அப்பாவுக்குப் பின் வந்தது.

கேள்வி: ஏற்கெனவே பாட்டுப் புத்தகங்கள் இருந்தனவே, இன்னொன்று எதற்கு?

இருந்தன, ஏராளமாக இருந்தன. அதுதான் சிக்கலே. தேவாலயத்துக்குத் தேவாலயம் வேறு புத்தகம். பேக்கரும் நண்பர்களும் 1858இல் ஒரு திருச்சபைப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, சேர்ந்து உழைக்க வாருங்கள் என்று குருமார்களை அழைத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் பதில் எழுதினார்கள். சொந்தமாகப் புத்தகம் வைத்திருந்த சிலர் அதையே விட்டுக்கொடுத்து வந்தார்கள். எனக்கு இதில் மிகப் பெரிதாகத் தெரிவது அந்த விட்டுக்கொடுத்தல்தான். பழைய லத்தீன் பாடல்களின் மொழிபெயர்ப்பு, ஜெர்மன் பாடல்கள், புதிய ஆங்கிலப் பாடல்கள் எல்லாம் சேர்ந்து 1861இல் 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' வந்தது. மொத்தம் 273 பாடல்கள். இசைப் பதிப்பில் வரிகளுக்கு அருகிலேயே மெட்டும் இருந்தது. மெட்டுகளைக் கவனித்தவர் வில்லியம் ஹென்றி மாங்க்.

கேள்வி: நாம் 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' பாடும் மெட்டு அதிலிருந்து வந்ததா?

ஆமாம். அதன் ஆங்கில மூல வரிகள் ஹென்றி லைட் எழுதியவை. மாங்க் இந்தப் புத்தகத்துக்காகவே அந்த மெட்டை அமைத்தார்.

கேள்வி: பிறர் வரிகளைப் பேக்கர் திருத்தினாராமே, சரியா?

திருத்தினார். ஜான் மேசன் நீல் மொழிபெயர்த்த பாடல்களும் தப்பவில்லை. அதற்காகக் கண்டனமும் வந்தது. சபை முழுவதும் தடுக்காமல் பாட வேண்டும் என்ற அக்கறை நியாயமானது. ஆனாலும் எழுதியவர் மனம் நோகும்தானே.

கேள்வி: பேக்கர் எழுதியதில் ஒன்றைச் சொல்லுங்களேன்.

வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தைத் தழுவிய பாடல். அந்தத் தொகுப்பின் 1868 இணைப்பில் வந்தது, மெட்டு ஜான் டைக்ஸ் அமைத்தது. அதன் மூன்றாம் சரணம் வழிதவறிய ஆட்டைப் பற்றியது. மேய்ப்பர் தேடி வந்து, தோளில் தூக்கி, மகிழ்ச்சியோடு வீடு சேர்க்கிறார். 1877 பிப்ரவரி 12 அன்று மாங்க்லாண்டில் பேக்கர் இறந்தபோது கடைசியாகச் சொன்னவை அந்தச் சரணத்தின் வரிகள் என்று நண்பர் ஜான் எல்லர்ட்டன் பதிவு செய்திருக்கிறார்.